உள்ளாட்சி வேட்பாளரிடம் வேலையைப் பற்றி என்ன கேட்பது?

“எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்க நினைக்கிற நாலைந்து பேரும் ‘இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு’ என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். ஒரு பிரசிடெண்டால் நிஜமாகவே வேலை கொடுக்க முடியுமா? என்ன கேட்டால் விஷயம் தெரிந்தவர் யார், சும்மா சொல்கிறவர் யார் என்று தெரியும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அக்கா பக்கத்து நகராட்சியில் காய்கறிக் கடை போட்டிருப்பதாகவும், அங்கே வரும் கவுன்சிலர் வேட்பாளர்களிடம் என்ன கேட்கலாம் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான் சொல்கிறேன்.

புதிதாக வேலை உண்டாக்கும் சக்தி உள்ளாட்சிக்கு மிகக் குறைவு. ஆனால் ஊரில் ஏற்கெனவே இருக்கிற வேலையை ஒழுங்காக நடத்தவும், கூலியைச் சரியாகக் கிடைக்கச் செய்யவும், ஒருவர் பிழைப்பைக் காப்பாற்றவும், கெடுக்கவும் அதற்கு நிறைய அதிகாரம் இருக்கிறது. “எத்தனை பேருக்கு வேலை கொடுப்பீர்கள்?” என்று கேட்டால் அவர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். “உங்கள் கையெழுத்தில் நடக்கிற வேலைகளை எப்படி நடத்துவீர்கள்?” என்று கேட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பார்த்துவிடுவோம். கிராமத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர். முதல் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே தலைவர் வேட்பாளருக்கென்று ஒரு கட்சி அறிக்கையும் இல்லை. அவர் வாயால் சொல்வதுதான் அவருடைய அறிக்கை. அதனால்தான் அவரை நேரில் கேட்பது இவ்வளவு முக்கியம். நகரத்தில் நீங்கள் தேர்ந்தெடுப்பது கவுன்சிலரை மட்டும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். எனவே “சேர்மன் பார்த்துக்கொள்வார்” என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால், “அந்தச் சேர்மனுக்கு ஓட்டுப் போடப்போவது நீங்கள்தானே” என்று திருப்பிக் கேட்கலாம்.

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 29 துறைகள் இருக்கின்றன. சிறுதொழில், தொழிற்பயிற்சி, வறுமை ஒழிப்பு, சந்தை எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் இவற்றின் பணமும் ஆட்களும் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகங்கள் வழியாகத்தான் நகர்கின்றன. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்டே வந்தது. மிச்சத்தில்தான் தெருவிளக்கும் சாலையும் மற்றதும். ஆகவே ஒருவர் “ஊராட்சி நிதியில் தொழிற்கூடம் கட்டி நூறு பேருக்கு வேலை” என்று சொன்னால், “எந்தக் கணக்கிலிருந்து?” என்ற ஒரு கேள்வி போதும். ஊராட்சிக்கு எத்தனை கணக்கு இருக்கிறது, எதில் எவ்வளவு வரும் என்று தெரியாமல் பதவிக்கு வருகிறவரிடம் செலவுச் சீட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து.

அடுத்தது, “உன் பையனுக்கு வேலை வாங்கித் தருகிறேன்” என்ற பேச்சு. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏழைக் குடும்பங்கள் நகையை அடகு வைத்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். அங்கன்வாடி, சத்துணவு, ரேஷன் கடை வேலைகளுக்கெல்லாம் தேர்வு மாவட்ட அளவில் நடக்கிறது. தலைவரோ கவுன்சிலரோ அதில் ஆணை போட முடியாது. தவிர, தேர்தல் நேரத்தில் ஒரு குடும்பத்திடம் போய் ஓட்டுக்காக வேலை தருவதாகச் சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 170-ஆம் பிரிவின்படி லஞ்சக் குற்றத்தில் வரக்கூடியது. ஊருக்குப் பொதுவாக ஒரு கொள்கையை அறிவிப்பது குற்றமில்லை. ‘உனக்கு மட்டும்’ என்று காதில் சொல்வதுதான் குற்றம். அப்படிச் சொல்பவரிடம், “இதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வீர்களா?” என்று கேளுங்கள். சொல்ல மாட்டார்.

இப்போது கிராமத்தில் மிகப் பெரிய விஷயத்துக்கு வருவோம்: 100 நாள் வேலை.

2005-இல் வந்த சட்டம். தமிழ்நாட்டில் 2006 பிப்ரவரியில் முதலில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்களில் தொடங்கியது. 2008-க்குள் எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். இந்தச் சட்டத்தின் உயிர் எதில் இருக்கிறது என்றால், கேட்டவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதில். எழுதிக் கேட்டால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு பாதிக்குக் குறையாமல்.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? “இந்த வாரம் கீழத்தெரு, அடுத்த வாரம் மேலத்தெரு” என்று முறை வைத்து விடுகிறார்கள். வேலை வந்தால் கூப்பிடுவோம் என்கிறார்கள். யாரும் எழுதிக் கேட்பதில்லை, கேட்டாலும் ரசீது தருவதில்லை. ரசீது இல்லையென்றால் வேலை கேட்டதற்கே சாட்சி இல்லை. சாட்சி இல்லையென்றால் படியும் இல்லை. பெயர் 100 நாள் என்று இருந்தும் பல குடும்பங்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காமல் போனதற்கு மேலிருந்து பணம் குறைந்தது ஒரு காரணம் என்றால், கீழே இந்த ரசீது இல்லாமல் போனது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம் முழுக்க ஊராட்சியின் கையில் இருக்கிறது. ஆகவே தலைவர் வேட்பாளரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: “வேலை கேட்டு விண்ணப்பம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே தேதி போட்டு ரசீது கொடுக்க ஏற்பாடு செய்வீர்களா? எந்த நாளில், எங்கே, யார் கொடுப்பார்?” ‘யார் கொடுப்பார்’ என்பதற்கு அவர் ஒரு ஆளைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஊராட்சிச் செயலரா, பணித்தளப் பொறுப்பாளரா, தானே உட்காருவாரா?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கூலி வரத் தாமதமானால் அதற்குத் தலைவரைப் பிடித்துத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய கூலியில் 1,056 கோடி ரூபாய் பாக்கி நிற்கிறது என்று முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதை எந்த ஊராட்சித் தலைவராலும் தீர்த்திருக்க முடியாது. ஆனால் வேலைத்தளத்தில் வருகைப் பதிவு செய்யும்போது படம் ஏறவில்லை என்று ஒரு பெண்ணின் நாள் கூலி போனால் அதைத் தலைவர் பி.டி.ஓ. அலுவலகம் வரை கொண்டுபோய்ச் சரிசெய்ய முடியும். 2023 ஜனவரியிலிருந்து, தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளத்திலும் செல்போன் செயலியில்தான் வருகை எடுக்க வேண்டும் என்று ஆனது. சிக்னல் இல்லாத ஏரிக்கரைகளில் இதனால் வந்த வம்பு கொஞ்சமில்லை. “போட்டோ ஏறாத அன்றைக்கு வேலை செய்தவர்களுக்கு என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு ஒரு வேட்பாளர் திணறினால், அவர் ஒருநாளும் வேலைத்தளத்துக்குப் போய் நின்று பார்த்ததில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று மிக அவசரமானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. ‘விபி ஜி ராம் ஜி’ என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதில் நாள் கணக்கு 125 ஆகிறது. ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் வருகிறது. முன்பு சாதாரண உடலுழைப்பு வேலைக்கான கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்று மத்திய அரசு அளவு வைக்கும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலை நடத்தாமல் நிறுத்தி வைக்கலாம். கேட்டவருக்கு 15 நாளில் வேலை, இல்லாவிட்டால் படி என்ற விதி இதிலும் இருக்கிறது. ஆகவே ஒரு வேட்பாளர் “125 நாள் வாங்கித் தருவேன்” என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொல்கிறார். “வேலை நிறுத்தி வைக்கும் 60 நாள் நம் ஊர் நடவு, அறுப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, கிராம சபையில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். டெல்டாவில் ஒரு மாதம், மானாவாரிக் காட்டில் வேறொரு மாதம். வயல் வேலையே இல்லாத மாதத்தில் இதையும் நிறுத்தினால் கூலிக்காரக் குடும்பம் என்ன செய்யும்? இதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும், சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது.

சமூகத் தணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எழுதுவது, இயந்திரம் விட்டுத் தோண்டிவிட்டு ஆள் கணக்குக் காட்டுவது, இறந்தவர் பெயரில் அட்டை, இதெல்லாம் வெளியே வருவது தணிக்கைக்கான கிராம சபையில்தான். “அந்தக் கூட்டத்தில் என்.எம்.ஆர். தாளை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை, சத்தமாகப் படிக்கச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள். ‘நிச்சயம்’ என்று உடனே சொல்பவரை விட, யார் யார் அதை எதிர்ப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்பவர் என் கணக்கில் மேலானவர்.

சரி, அடுத்தது உள்ளாட்சியே முதலாளியாக இருக்கும் இடம். இது வேட்பாளர்களே பேச விரும்பாத பகுதி, வாக்காளர்களும் அதிகம் கேட்காத பகுதி.

உங்கள் ஊராட்சியில் தினமும் குப்பை எடுக்கும் தூய்மைக் காவலருக்கு மாதம் எவ்வளவு என்று தெரியுமா? 3,600 ரூபாயாக இருந்ததை 5,000 ஆக்குவதாக 2022-இல் அரசு அறிவித்தது. மாதம் முழுக்க உழைத்தும் அவ்வளவுதான். அதையும் சில ஊர்களில் இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் நிலையும் பெரிதாக வேறு இல்லை. விடியற்காலை மோட்டார் போட வேண்டும், குழாய் உடைந்தால் இரவானாலும் அவர்தான் வர வேண்டும். தொகையை அரசு நிர்ணயிக்கிறது, உண்மைதான். ஆனால் மாதம் எந்தத் தேதியில் கையில் கிடைக்கிறது, கையுறையும் காலணியும் வாங்கப்பட்டதா, உடம்பு சரியில்லாமல் ஒருநாள் வராவிட்டால் பிடிக்கிறார்களா என்பதெல்லாம் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் இடத்தில் முடிவாகிற விஷயம். “நீங்கள் வந்தால் தூய்மைக் காவலருக்குச் சம்பளம் ஒவ்வொரு மாதமும் எத்தனாம் தேதி?” என்று கேளுங்கள். ஊருக்கே வேலை தருவதாகச் சொல்கிறவர், தன்னிடம் வேலை பார்க்கப்போகும் நாலு பேருக்கு ஒரு தேதியைச் சொல்ல முடியாதென்றால் மற்ற வாக்குறுதிகளை எப்படி நம்புவது?

நகரத்தில் இதே கேள்வி இன்னும் பெரிதாகிறது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152-ஐப் பற்றித் தூய்மைப் பணியாளர் சங்கங்கள் விடாமல் பேசுவதைக் கேட்டிருக்கலாம். மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, பல வேலைகளை வெளி முகமை மூலம் செய்துகொள்ள வழிவிட்ட ஆணை அது. அதன் போக்கு எங்கே போய் நிற்கும் என்பதை 2025 ஆகஸ்டில் சென்னையில் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்க மாநகராட்சி முடிவு செய்ததும், பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1 முதல் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பலர் பத்து வருஷத்துக்கு மேல் அதே தெருக்களைப் பெருக்கியவர்கள். மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கும் தங்கள் சம்பளம் ஒப்பந்த நிறுவனத்திடம் போனால் பல ஆயிரம் குறைந்துவிடும் என்பது அவர்கள் சொன்னது. உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் நினைக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. அந்தப் பெண்கள் பக்கம்தான். ஆனால் அதை விட்டுவிட்டும் உங்கள் அக்கா ஒன்றைக் கவனிக்க வேண்டும். குப்பை எடுக்கும் வேலை யாரிடம் போக வேண்டும் என்பது மன்றத்தில் தீர்மானமாக வரும். கவுன்சிலர் அங்கே கைதூக்குகிறார், அல்லது எதிர்த்துப் பதிவு செய்கிறார். மன்றக் கூட்டங்களில் முப்பது, நாற்பது தீர்மானங்கள் பத்து நிமிடத்தில் ‘ஆல் பாஸ்’ ஆவது பல ஊர்களில் நடக்கிறது.

அதனால் கவுன்சிலர் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது: “நம் நகராட்சியில் தூய்மைப் பணி ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவீர்கள்? ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டியதற்கான சலான் இல்லாமல் பில் பாஸ் ஆகக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவருவீர்களா?” ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி. ‘அது காண்ட்ராக்டர் விஷயம்’ என்று நகராட்சி கை கழுவ முடியாது. தொழிலாளியிடம் பி.எஃப். என்று பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவதை நான் மன்னிக்கவே முடியாத திருட்டு என்று நினைக்கிறேன். அவர்கள் முதுமைக்காக வைத்திருக்கும் ஒரே சேமிப்பு அது.

கூடவே ஒரு கேள்வியை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்: “நம் நகராட்சியில் பாதாளச் சாக்கடைக்குள் மனிதர்கள் இறங்குகிறார்களா?” 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உயர்த்தியது. அதற்குப் பிறகும் சாவுச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இயந்திரம் வாங்கினார்களா, அது ஓடுகிறதா, ஓட்ட ஆள் இருக்கிறாரா என்று ஒரு கவுன்சிலர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலைவாய்ப்புக் கொள்கை என்று பேச வந்தால், வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்புவதும் அதில் சேர்ந்ததுதான்.

உங்கள் அக்கா போன்றவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு ஒன்று அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்றும் இருக்கிறது. இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும், ‘அதிகாரி வருகிறார், கடையை எடு’ என்ற சத்தம் கேட்டால் தள்ளுவண்டியோடு ஓடும் காட்சி மாறவில்லை. காரணம், பல ஊர்களில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

அதைவிடத் தினசரித் தொல்லை சுங்க வசூல். சந்தையையும் தரைக்கடைகளையும் நகராட்சி, பேரூராட்சி ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது. ஏலத்தில் பெரிய தொகைக்கு எடுத்தவர் அதை வசூலிக்க, விதித்த கட்டணத்துக்கு மேல் வாங்குகிறார். ரசீது கேட்டால் மிரட்டல். ஒரு கூடைக்கு இவ்வளவு, ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று மன்றம் நிர்ணயித்த பட்டியல் இருக்கும், ஆனால் அது சந்தை வாசலில் எழுதியிருக்காது. ஒரு நாளைக்கு இருபது ரூபாய் கூடுதலாகப் போனால் மாதம் அறுநூறு. கீரை விற்கும் அம்மாவுக்கு அது சின்னத் தொகை இல்லை. “சுங்கக் கட்டணப் பலகை சந்தையின் எல்லா வாசலிலும் வைப்பீர்களா? கூடுதலாக வசூலிக்கும் குத்தகைதாரர் மீது புகார் வந்தால் குத்தகையை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவருவீர்களா?” இந்தக் கேள்விக்குச் சில வேட்பாளர்கள் சங்கடப்படுவார்கள், ஏனென்றால் குத்தகை எடுப்பவர் பல ஊர்களில் யாரோ ஒரு கவுன்சிலரின் சொந்தக்காரர். அந்தச் சங்கடத்தையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலை வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் சுற்றுவட்டாரத்தில் “கம்பெனியில் உள்ளூர்க்காரர்களுக்கே வேலை” என்பது ஒவ்வொரு தேர்தலிலும் வரும் பேச்சு. நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு கம்பெனி யாரை எடுக்க வேண்டும் என்று ஊராட்சி உத்தரவு போட முடியாது. மாநில அரசே போட்டாலும் நிற்பது கடினம். தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஹரியானா கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆகவே வேட்பாளரிடம், “கட்டாயப்படுத்துவீர்களா?” என்று கேட்காதீர்கள். “நம் ஊரில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் பட்டியல் எடுத்து, கம்பெனிகளுக்கும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கும் கொடுப்பீர்களா? சமூகப் பொறுப்பு நிதியில் கம்பெனி செய்ய வருவது பேருந்து நிழற்குடையா, பயிற்சியா என்று கிராம சபையைக் கேட்டு முடிவெடுப்பீர்களா?” என்று கேளுங்கள். அப்புறம், கம்பெனிக்கு ஆள் அனுப்பும் வேன் காண்ட்ராக்ட், கேன்டீன் காண்ட்ராக்ட், பழைய இரும்பு எடுக்கும் காண்ட்ராக்ட் இவற்றில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பங்கு இருக்கிறதா என்றும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். தொழிற்பேட்டை ஊராட்சிகளில் தலைவர் பதவிக்கு இவ்வளவு பணம் கொட்டப்படுவது எதற்காக என்பது ஊருக்கே தெரியும்.

மகளிர் குழு விஷயத்தில் நீட்ட வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் குழுப் பெண்கள். அந்தத் தேர்வு சாதி பார்க்காமல் நடந்ததா, தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று யாராவது சொன்னால் தலைவர் எங்கே நிற்பார் என்று மட்டும் கேளுங்கள். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 2022-இல் 100 கோடி ஒதுக்கிச் சில உள்ளாட்சிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். உங்கள் அக்கா ஊரில் அது வந்ததா, வராவிட்டால் மன்றம் கேட்டுத் தீர்மானம் அனுப்பியதா என்று பழைய கவுன்சிலர்களிடம் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். தனியாளாக வாசலில் நின்று கேட்டால் தோளில் கை போட்டு, “அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி” என்று போய்விடுவார்கள். 100 நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர், தூய்மைக் காவலர், படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகள் என்று சேர்ந்து எல்லா வேட்பாளர்களையும் ஒரே இடத்துக்கு, ஒரே நாளில் கூப்பிடுங்கள். இவற்றில் ஐந்து கேள்வியை எடுத்து, எல்லோரிடமும் அதையே கேளுங்கள். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மடக்கிப் பிடிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. பதிலை ஒருவர் அங்கேயே எழுதிப் படித்துக் காட்டட்டும். வேலைத்தளப் பிரச்சினையை வேலைக்குப் போகிற அக்காவே கேட்கட்டும், அவருக்காக வேறொருவர் கேட்க வேண்டாம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. பெண் வேட்பாளர் நிற்கும் இடத்தில் கணவரோ மைத்துனரோ பதில் சொல்ல ஆரம்பித்தால், மரியாதையாக, “அவங்களே சொல்லட்டும்ணே” என்று சொல்லிக் காத்திருங்கள். நான் பார்த்த கூட்டங்களில் அப்படிக் காத்திருந்தபோது, கணவரைவிடத் தெளிவாக, விவரமாகப் பேசிய பெண்களே அதிகம். ரேஷன் வரிசையிலும் வேலைத்தளத்திலும் நின்றவர்கள் அவர்கள்தானே.

முன்பு பதவியில் இருந்தவர் மறுபடி நிற்கிறார் என்றால், அவரிடம் வருங்காலத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. அதற்கு முந்தைய ஐந்து வருஷக் கணக்கு அவருடையது. எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது வேலைத்திட்ட இணையதளத்தில் ஊராட்சி வாரியாக வெளியிடப்பட்டது. வரவு செலவு ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் கணினி தெரிந்த ஒரு பிள்ளை ஒரு மாலையில் எடுத்துவிடும். இணையத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆகவே தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே போட்டுவிடுங்கள்.

புதிதாக நிற்கிறவரிடம் இவ்வளவு விவரம் எதிர்பார்க்க முடியாது என்பது சரிதான். அவர், “இது எனக்குத் தெரியாது, விசாரித்துவிட்டு வருகிறேன்” என்று சொன்னால் அதைக் குறையாக எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ‘செய்வோம்’ என்று சொல்பவரைவிட இவர் மேல். ஒரு வாரம் கொடுங்கள். பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், செயலரைப் பார்த்து, போன வருஷம் உங்கள் ஊராட்சியில் வேலை கேட்டவர்கள் எத்தனை பேர், ரசீது பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணோடு அவர் திரும்பி வந்தால், இரண்டு எண்ணுக்கும் நடுவில் விட்டுப்போனவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று அடுத்த கேள்வியைத் தொடங்குங்கள்.